நானூற்றுப் பன்னிரண்டாவது அடி

நடுக்கரிசலில் நிலம் சுருங்கத் தொடங்கியது கரிக்கொட்டகை வந்த மூன்றாவது மாதத்தில். அதை முதலில் கண்டுபிடித்தது தாலுகா ஆபீஸ் சர்வேயரும் இல்லை, காட்டைப் பரம்பரையாக உழுத சம்சாரிகளும் இல்லை. காலனிப் பவுனுத்தாயின் வெறுங்கால்தான்.

வெறுங்காலுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், செருப்புக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் மேற்கே, காலனி கிழக்கே, நடுவில் கரிசல் காடு. காலனிச் சனம் எங்கே போவதானாலும் ஊருக்கு மேற்கே இருக்கும் பஸ் ஸ்டாப்புக்குத்தான் போக வேண்டும், அங்கே போக ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊர் தொடங்குவதற்குச் சற்று முன்னால், காட்டுப் பாதையின் ஓரத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நின்றது. அந்தக் கல்லுக்கு வந்ததும் காலனிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். பஸ் ஸ்டாப்புப் புளியமரம் வந்த பிறகுதான் திரும்பக் காலில் போடுவார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை, சட்டத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் எழுதியிருந்தது, ஆனால் சட்டம் கோவில்பட்டியில் இருந்தது, கல் இங்கே இருந்தது.

ஆறு வயதில், ஒரு சித்திரை மாத மத்தியானத்தில், அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை அந்தத் தூரத்தை வெறுங்காலில் கடந்தபோது, சூடு பொறுக்காமல் பவுனுத்தாய் அழுதாள். அழுதால் நேரம் ஆகும் என்று அப்பன் எண்ணச் சொன்னான். அன்றைக்குப் பழகியது. வளர்ந்த பிறகு அவளுடைய கணக்கு நானூற்றுப் பன்னிரண்டில் நிலைத்துவிட்டது. புருஷனைப் புதைத்த அன்றும், மகள் சுகந்தியை நர்ஸ் படிப்புக்குச் சேர்க்கப் போன அன்றும் அதே நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பன்னிரண்டாவது அடியில் கக்கம் தானாகவே தளரும், செருப்பு தொப்பென்று புளியமரத்தடியில் விழும். நாற்பது வருஷமாக ஓர் அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு நாள் நானூற்று ஒன்பதில் புளியமரம் வந்துவிட்டது. வயசானால் உயரம் குறையும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், கால் நீளுமா என்று தனக்குத்தானே கேட்டுச் சிரித்துக்கொண்டாள். அடுத்த வாரம் நானூற்று ஒன்று. அதற்கும் அடுத்த வாரம் முன்னூற்றுத் தொண்ணூறு. சூடுபடுகிற அடிகள் குறைந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

கரிக்கொட்டகை ஊருக்கும் காலனிக்கும் நடுவிலிருந்த புறம்போக்கில் தகரம் போட்டுக் கட்டியது. தயாபரன் என்ற படித்த மனிதர் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்து அதை நடத்தினார். பஞ்செடுத்து முடித்த பிறகு காட்டில் மொட்டையாக நிற்கிற பருத்திமாரை, அடுப்பெரிக்கப் போக மிச்சத்தைச் சம்சாரிகள் வீணாகப் பொசுக்கிக்கொண்டிருந்த பருத்திமாரை, அவர் வண்டி வண்டியாக வாங்கி, துண்டு போட்டு, காற்றுப் புகாத இரும்பு உருளையில் அடைத்துச் சுட்டுக் கரியாக்கி, கரியை மாவாக அரைத்து, ரசாயனக் காரத்தோடு பிசைந்து இன்னொரு தரம் சுட்டு, காரம் போகக் கழுவிக் கழுவி, உலர்த்தி, மூட்டை கட்டி, வெளியூருக்கு லாரி ஏற்றினார். அங்கே அந்தக் கரியை வைத்து மின்சாரத்தைப் பிடித்து அடைத்து வைக்கிற டப்பா செய்தார்கள். கழுவுகிற வேலைக்குக் காலனியிலிருந்து எட்டுப் பெண்கள். அவர்களுக்கு மேஸ்திரி பவுனுத்தாய்.

முதல் மூட்டை கட்டிய அன்று தயாபரன் ஒரு ஸ்பூன் கரியை உள்ளங்கையில் கொட்டிப் பெண்களிடம் காட்டினார். "இதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல இருக்கும்மா. அதுக்குள்ளதான் மின்சாரம் போய் உட்காரும். இந்த ஒரு ஸ்பூனுக்குள்ள இருக்கிற ஓட்டையை எல்லாம் பிரிச்சு விரிச்சுப் போட்டா ஒரு ஏக்கர் வரும்."

"ஒரு ஏக்கரா?"

"ஒரு ஏக்கர்."

பவுனுத்தாய்க்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. அந்தக் கருத்த பொடியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்புட்டு எடம் எங்க இருந்து சார் வருது?" என்று கேட்டாள்.

தயாபரன் சிரித்தார். "எங்க இருந்தும் வரலைம்மா, அதுக்குள்ளயே இருக்கு."

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அன்றைக்கே இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஒவ்வொரு லாரி கிளம்பிப் போகும்போதும் காடு சுருங்கியது. வீடுகள் சுருங்கவில்லை, மரங்கள் சுருங்கவில்லை, மனிதர்களும் மாடுகளும் இருந்த அளவிலேயே இருந்தார்கள். வெறும் தரை மட்டும், யாரும் நிற்காத, எதுவும் கட்டாத தரை மட்டும், சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போனது. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், பஸ் ஸ்டாப் பக்கத்தில் வந்துவிட்டது என்று கிழவர்கள் சந்தோஷப்பட்டார்கள், ரேஷன் கடை கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள், மேயப் போன ஆடுகள் போன சுருக்கில் திரும்பி வந்து நின்று முழித்தன, கரிசலில் கோடை தோறும் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும் வெடிப்புகள் அந்தக் கோடையில் வாயை மூடிக்கொண்டதால் கன்றுக்குட்டிக் கால் மாட்டிக்கொள்கிற தொல்லை ஒழிந்தது, பருத்திச் செடிகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன, மைனாக்கள் வழக்கமான வேகத்தில் பறந்து வந்து தங்கள் மரத்தைத் தாண்டிப் போய் அடுத்த மரத்தில் முட்டிக்கொண்டு விழுந்தன. விழுந்த மைனாக்களைப் பொறுக்கிக் குழம்பு வைத்தவர்களும் உண்டு.

சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு சம்சாரிகள் சர்வேயரை வரவழைத்தார்கள். அவர் சங்கிலியை இழுத்துப் போட்டு அளந்தார். தரையில் போட்ட சங்கிலி தரையோடு சேர்ந்து சுருங்கியதால் எல்லாரது நிலமும் பட்டாவில் எத்தனை சென்ட் இருந்ததோ அத்தனை சென்ட் இருந்தது. "பட்டாவுல குறையலையே, பெறகென்ன?" என்று சர்வேயர் இளநீரைக் குடித்துவிட்டுப் போனார். பட்டாவில் குறையவில்லை என்றதும் ஊருக்கு நிம்மதி வந்துவிட்டது.

ஊருக்குப் பெரியவர் சீனிச்சாமி. ஊர்க் கூட்டத்தில் எந்தப் பேச்சையும் முடித்து வைப்பவர் அவர்தான். ஒரு நாள் காலையில் பூசையறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது அவர் காதில் காலனி ஆட்டுரல் சத்தம் விழுந்தது. மறுநாள் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது காலனிக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. மாடியேறிப் பார்த்தார். கிழக்கே ஒரு மைல் தூரத்தில் மங்கலாகத் தெரிய வேண்டிய காலனி, கொடியில் காய்கிற சேலையின் கரை என்ன நிறம் என்று சொல்கிற அளவுக்கு வந்து நின்றது. அங்கிருந்தே சீனிச்சாமி கூட்டத்துக்குச் சொல்லிவிட ஆளைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் ஊர்க் கூட்டம். கரிக்கொட்டகையை மூடச் சொல்வோம் என்று ஒருவர் சொன்னார். அதற்குள் கூட்டத்துக்கு வந்திருந்த தயாபரன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார்: எங்கோ ஒரு பெரிய நகரத்தில், புகையே இல்லாமல் ஒரு நீல பஸ். "உங்க ஊர் பருத்திமார்லதான் ஓடுது." போன் கை கையாகப் போனது. பொசுக்கிப் போட்ட குப்பையில் பஸ் ஓடுகிற பெருமையை யார் வேண்டாம் என்பார்கள்? கொட்டகை இருக்கட்டும், கல்லை நகர்த்துவோம் என்று முடிவாயிற்று. முன்னால் எவ்வளவு தூரம் செருப்பைக் கழற்றி நடந்தார்களோ அவ்வளவு தூரம் இப்போதும் நடக்க வேண்டும்; தரை குறைந்தால் கல் பின்னால் போகட்டும்.

ஆனால் அந்தத் தூரம் எவ்வளவு என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. செருப்புப் போட்டு நடந்தவர்கள் எதற்கு எண்ணப் போகிறார்கள்? விசாரித்து விசாரித்து, பவுனுத்தாய்க்குத் தெரியும் என்று கண்டுபிடித்து ஆள் அனுப்பினார்கள்.

"ஏ பவுனு, நீ எண்ணி வச்சிருக்கியாம்ல? நடந்து காட்டு பாப்பம்" என்றார் சீனிச்சாமி.

நாற்பது வருஷத்தில் ஊர் அவளிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துப் பிற்பாடு அவள் அழுதாள். புளியமரத்திலிருந்து கிழக்கே பார்க்க வெறுங்காலோடு நடந்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் நின்றாள். அவள் கால் நின்ற இடத்தில் குழி தோண்டிக் கல்லை நட்டார்கள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை கூப்பிட்டார்கள். மாதம் ஒரு தடவை நடந்தாள். கல் கிழக்கே கிழக்கே போனது. கொட்டகையைத் தாண்டியது, காலனி மந்தையைத் தாண்டியது, ஆறாவது மாதம் காலனியின் முதல் வீட்டு வாசலில் வந்து நின்றது. பவுனுத்தாய் அடியைக் குறுக்கி வைத்துப் பார்த்தாள். சீனிச்சாமி பின்னாலேயே வந்து, "காலை அகட்டி வையி, நாங்க என்ன கண்ணு தெரியாதவுகளா?" என்றார். காலனிச் சனம் தங்கள் சொந்தத் தெருவில் செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கப் பழகியது. ஒருவரும் அவளைத் திட்டவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

இதற்கிடையில்தான் அடுப்புச் சங்கதி. கழுவி முடித்துக் கிளம்புகையில் கரி விரலிடுக்கிலும் முந்தானையிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் விடிகாலை ஈர விறகு பிடிக்காமல் புகைந்தபோது முந்தானையை உதறி, விழுந்த கரியை அள்ளி அடுப்பில் போட்டாள். புகையே இல்லாமல் கணகணவென்று எரிந்து வெள்ளைச் சாம்பலானது. பிறகு கொல்லைக் கதவைத் திறந்து கோழியைக் கூப்பிட்டாள். கோழி வரவில்லை. வெகுதூரத்தில் ஒரு புள்ளியாக ஓடி வந்துகொண்டிருந்தது. எட்டடியில் நின்ற வேப்பமரம் இருநூறு அடிக்கு அப்பால் நின்றது. நடுவில் புத்தம்புதிய கரிசல் தரை, ஒருவர் காலும் படாதது, ஈர வாசனையோடு கிடந்தது. பவுனுத்தாய் அதில் இறங்கி உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தாள். கரிக்குள் போன நிலம், கரி சாம்பலானால் வெளியே வந்துவிடுகிறது. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே பயமும் வந்தது.

அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு நிலம் கிடைத்தது என்று தெரிந்தால் சும்மா விடுவார்களா? இரண்டு லாரி போனதும் அந்தக் கொல்லை மறுபடி எட்டடிக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஒரு சேலை முடிச்சுக் கரியைக் கொண்டுவந்து அடுப்புக்கு அருகில் ஒரு பானையில் சேர்த்தாள். சுகந்தி படித்து முடித்து வருகிற அன்று ஒரேயடியாகக் கொளுத்தி, கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் காட்டை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது நினைப்பு. பானை நிறைந்தது.

ஒன்பதாவது மாதம் எண்ணிக்கொண்டு வந்தபோது முன்னூற்றுத் தொண்ணூற்றாறில் காலனியின் கடைசி வீட்டு வாசல் வந்தது. அது அவளுடைய வீடு. சீனிச்சாமி, "உள்ள போ" என்றார். போனாள். நானூற்றுப் பன்னிரண்டாவது அடி அடுப்பங்கரையில் விழுந்தது.

சீனிச்சாமி வாசலில் நின்றபடியே குனிந்து பார்த்தார். "அடுப்பைப் பேத்துரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கனதான் கல்லு. அடுத்த மாசம் இதுக்கும் எடம் பத்தாது. நீங்க எல்லாரும் கம்மாய்க்கு அந்தப் பக்கம் போயிருங்க." கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

சுகந்தி போனில் எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீதானம்மா எண்ணிக் குடுத்த."

"ஆமாத்தா. நான்தான்."

"வெள்ளிக்கிழமை நான் வாறேன். செருப்பக் கழட்ட மாட்டேன்."

"யாத்தா, வேணாம்த்தா. ரெண்டு நாளு கழிச்சு வா."

"ரெண்டு நாளு கழிச்சு வந்தா வீடு இருக்குமா?"

வெள்ளிக்கிழமை காலையிலேயே கல்லைப் பிடுங்கி ஊர்க் கோயிலுக்குக் கொண்டுபோய் மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்தரை பஸ் வந்தபோது நாலு பேர் அதைத் தோளில் ஏற்றிக் கிளம்பினார்கள், முன்னால் சீனிச்சாமி, பின்னால் இளவட்டங்கள். பவுனுத்தாய் வீட்டு வாசலிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தாள், ஏனென்றால் இப்போது எல்லாம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. பஸ்ஸிலிருந்து சுகந்தி இறங்கினாள். காலில் வெள்ளை நிறத்தில் பட்டைச் செருப்பு. புளியமரத்தடியில் அவள் குனியவில்லை. கல்லைத் தூக்கியவர்களுக்கு முன்னால், ஊர்த் தெருவின் நடுவில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்து வந்தாள்.

"ஏய், கழட்டுடீ!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ வேலியில் ஒரு கம்பை உருவினார்கள். வேலி முறிகிற சத்தம் பவுனுத்தாயின் காதுக்குள்ளேயே கேட்டது. பின்னால் வந்தவர்கள் எட்டி நடக்கத் தொடங்கினார்கள், எட்டி நடந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

பவுனுத்தாய் உள்ளே ஓடினாள். அடுப்பிலேயே கொளுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் நிலம் எரிகிற இடத்தைச் சுற்றித்தான் விரியும். இங்கே கொளுத்தினால் வீடு தப்பும், மகள் அந்தப் பக்கம் அவர்கள் கையில் மாட்டிக்கொள்வாள். அடுப்புக் கங்குகளை அள்ளிப் பானைக்குள் கொட்டி, சேலைத் தலைப்பால் சுற்றிப் பானையைத் தூக்கினாள். வெளியே காலெடுத்து வைக்கும்போது, நாற்பது வருஷப் பழக்கம், அந்த நிலைமையிலும் கை செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியது.

காலனித் தெருவில் ஓடினாள். எதிரே வந்த சுகந்தி, "அம்மா!" என்றாள். பவுனுத்தாய் நிற்கவில்லை. "நிக்காத, வீட்டப் பாத்து ஓடு!" என்று கத்திக்கொண்டே மகளைக் கடந்து போனாள். கரிக்கொட்டகைத் தகரத்தை ஒட்டி, ஊரின் கடைசிச் சுவருக்கும் காலனியின் முதல் சுவருக்கும் இடையில் அப்போது மிச்சமிருந்தது நாலடித் தரை. அந்த நாலடியில் பானையை வைத்து, முழங்காலிட்டு, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள்.

புகை வரவில்லை. பானை சிவந்தது, பிறகு வெளுத்தது. அவளுக்கு நேர் எதிரே, கைக்கெட்டுகிற தூரத்தில், கம்பை ஓங்கியவன் ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தான். அந்தக் கால் தரைக்கு வருவதற்குள் அவன் ஒரு காட்டைத் தாண்டிப் பின்னால் போயிருந்தான். ஊர்ச் சுவர் போனது, கோயில் கோபுரம் போனது, புளியமரம் ஒரு கொத்தமல்லிக் கொத்து அளவுக்குச் சிறுத்துப் போனது. இத்தனை மாதமாக லாரியில் போன நிலத்தில் ஒரு பானை அளவு நிலம், எந்தச் சத்தமும் இல்லாமல், பாய் விரிகிற மாதிரி நாலு பக்கமும் விரிந்துகொண்டே போனது. பானைக் கரி முழுக்க வெள்ளைச் சாம்பலாக உட்கார்ந்த பிறகுதான் நின்றது.

பவுனுத்தாய் எழுந்து திரும்பிப் பார்த்தாள். நிலம் இந்தப் பக்கமும் விரிந்திருந்தது. காலனி கீழ்வானத்து ஓரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி நின்றது. கோழியை அடையாளம் கண்ட கண்ணுக்கு மகளை அடையாளம் தெரியாதா? அவள் பத்திரமாக அந்தப் பக்கம் இருந்தாள். பவுனுத்தாய் இருந்தது நடுவில், ஒரு வேலி இல்லாத, ஒரு வரப்பு இல்லாத, பட்டாவில் எங்கேயும் ஏறாத கரிசலின் நட்ட நடுவில்.

கக்கத்திலிருந்த செருப்பை எடுத்தாள். மண் ஈரமாக, குளிர்ச்சியாகத்தான் இருந்தது, செருப்பே தேவையில்லை. இருந்தும் கீழே போட்டுக் காலை நுழைத்தாள். கிழக்கே பார்த்து நடந்தாள். எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தாள், ஆனால் கால் எண்ணிக்கொண்டது. நூறு. இருநூறு. பொழுது முதுகுக்குப் பின்னால் இறங்கியது, நிழல் முன்னால் நீண்டு மகள் நின்ற பக்கம் காட்டியது. நானூறு. நானூற்றுப் பன்னிரண்டாவது அடியில் அவளுடைய கக்கம் தானாகத் தளர்ந்தது. கீழே விழ அதில் ஒன்றும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள். ஆறு வயதில் அழுத அழுகைக்கெல்லாம் சேர்த்து, ஆளில்லாத காட்டில், அப்படி ஒரு சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் திரும்பிப் பார்த்தாள்.

மேற்கே, இறங்குகிற சூரியனுக்குக் கீழே, எறும்புச் சாரை போல ஒரு வரிசை தெரிந்தது. வரிசையின் நடுவில், நாலு எறும்புகளின் மேல், ஒரு கடுகு அளவுக்குக் கல். அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. கல்லைக் கீழே வைக்கவும் இல்லை. நடந்து வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பவுனுத்தாய் முன்னால் திரும்பி, நானூற்றுப் பதின்மூன்று என்று சத்தமாகச் சொல்லிக் காலை அகட்டி வைத்தாள்.